பத்மாதேவி டீச்சர் எழுதிய எட்டுக் கடிதங்கள்

பத்மாதேவி டீச்சரின் கையெழுத்து அழகானது என்று அவளைப் பிடிக்காதவர்களும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் வாழ்த்துமடல், வரவேற்புரை, இரங்கற் செய்தி எதுவென்றாலும் காகிதம் அவளிடம்தான் வரும். ஒரு காலத்தில் அதில் அவளுக்கு அற்பப் பெருமை இருந்தது. பின்னாளில் யாராவது அதைப் பாராட்டினால், கறியில் மயிர் கண்டவளைப்போல முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து கணித ஆசிரியையாக நியமனம் பெற்றுக் கண்டிக்கு வந்தவள். கணவர் ஸ்ரீஸ்கந்தராசா கண்டியில் ஒரு காரியாலயத்தில் எழுதுவினைஞர். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கட்டுக்கலையில் இருந்த வாடகை வீட்டின் கதிரை மேசையெல்லாம் தெருவில் போட்டு எரிக்கப்பட்டன. இரண்டு நாள் அயல் வீட்டின் சாமான் அறையில் ஒளிந்திருந்தார்கள். எரித்தவர்களைவிட அவள் மனதில் தங்கியது வேறொன்று. பாடசாலை திறந்த முதல் நாள், ஆசிரியர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டே ஒருத்தி, "என்னென்ன போச்சு? அலுமாரியும் போச்சா? தேக்கா, முதிரையா?" என்று கேட்டாள். கேட்டவளுக்குக் கெட்ட மனசில்லை. அதுதான் சகிக்கமுடியாதிருந்தது.

எண்பத்தேழில், கணித ஆசிரியர் பற்றாக்குறை என்று அவளைப் புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம் என்றார்கள். ஒன்பது வருடமாகிவிட்டது.

விடிய நாலரைக்கு எழும்ப வேண்டும். தனக்கும் சீனி வருத்தக்காரரான கணவருக்கும் சமைத்துவைத்துவிட்டு ஐந்து மணிக்கு பஸ் பிடிக்க வேண்டும். கம்பளைக்கு முன்னால் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். சிப்பாய் அவளுடைய பையிலிருந்து கணிதப் புத்தகத்தை எடுத்து உதறுவான். கேத்திர கணிதப் படங்களை வரைபடமோ என்று பார்ப்பான். புசல்லாவையில் இறங்கித் தேயிலைக்குள்ளால் அரைமணி நேர ஏற்றம். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்று காலில் சவர்க்காரத்தைத் தேய்த்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனால், வரவு இடாப்பில் சிவப்புக் கோடு விழுந்திருக்கும்.

அந்தக் கோட்டைக் கீறுபவர் அதிபர் திருச்செல்வம். பள்ளிக்கூடத்தோடு ஒட்டிய குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர். செருப்புப் போடாமலே வேலைக்கு வரலாம். சரியாக ஏழரைக்கு அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் கோடு போடுவார். கோட்டுக்குக் கீழே மூன்று நாள் ஒப்பமிட்டால் அரைநாள் லீவு போய்விடும். "ஆமிக்காரன் மறிச்சு வச்சவன், சேர்" என்று ஒருநாள் சொன்னாள். "ஆமிக்காரன் எங்க ஸ்டாஃப் இல்லீங்களே டீச்சர்" என்றார் அவர். மற்றவர்கள் சிரித்தார்கள். அது ஒன்றும் மோசமான பகிடியும் அல்ல.

இந்த வேலையில் கிடைப்பது என்ன என்று அவளைக் கேட்டால் கொஞ்சநேரம் யோசிப்பாள். ஆசிரியர் தினத்துக்குத் தரும் கடதாசிப் பூவை அவள் கணக்கில் எடுப்பதில்லை. பதினோராம் ஆண்டில் சந்தனமேரி என்றொரு பிள்ளை இருந்தாள். தவணைச் சோதனையில் கணிதத்துக்கு இருபத்தெட்டுக்கு மேல் ஒருபோதும் எடுத்ததில்லை. சமன்பாடு படிப்பித்துக்கொண்டிருந்த ஒருநாள் எழுந்து நின்று, "தெரியாததுக்கு எக்ஸ்னு ஒரு பேரு வச்சதும் எப்பிடிங்க டீச்சர் அது தெரிஞ்சவங்க மாதிரி நம்ம கூட வருது?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் அவளிடம் கேட்கப்பட்ட ஒரே உண்மையான கேள்வி அது. பதிலும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அன்று பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த இரண்டு மணி நேரமும் அவளுக்குக் கால் வலிக்கவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம், சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பப் படிவங்கள் வந்தன. தேசிய அடையாள அட்டைக்கான படிவங்களும் கூடவே வந்தன. பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குப் பாடசாலைதான் அடையாள அட்டை எடுத்துக் கொடுக்கும். அந்த வருடங்களில், அந்த அட்டை இல்லாமல் ஒரு தமிழ்ப் பிள்ளை கடைத்தெருவுக்குப் போவதுகூடப் புத்தியில்லாத வேலை.

அதிபர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பதினோராம் ஆண்டின் பெயர்ப்பட்டியல் மேசையில் இருந்தது. பதினேழு பெயர்களில் எட்டுக்கு எதிரே பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்.

"இந்த எட்டும் தேறாதுங்க. ஒங்களுக்கே தெரியும். இதுகளயும் ஒக்கார வச்சா சித்தி வீதம் அறுவதுக்குக் கீழ போயிரும். மேலேருந்து கேக்குறாங்க."

"அதுக்கு?"

"தாய் தகப்பன் தாங்களா வேணாம்னு சொன்னதா ஒரு கடுதாசி இருந்தா போதும். மாதிரி நான் சொல்றேன். நீங்க எழுதுங்க, ஒங்க எழுத்துல இருந்தா ஒரு மரியாத. ஒப்பம் நான் வாங்கிக்கிறேன்." பிறகு குரலை இறக்கி, "ஒங்க டிரான்ஸ்பர் விசயமும் எனக்கு நெனவு இருக்கு. ஐயாவுக்கும் சொகமில்ல. இந்த வருசம் நல்லா எழுதி அனுப்புவோம்" என்றார்.

அவள் மறுப்பதற்கு ஒரு சொல்லைத் தேடினாள். எட்டும் தேறாது என்பது உண்மைதான். மனிதர் தப்புச் செய்வதற்குப் பொய் தேவையில்லை, அரைகுறை உண்மையே போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் பேனையைத் திறந்தாள்.

கார்பன் தாள் வைத்து எட்டுக் கடிதங்கள். "எனது மகள் குடும்பச் சூழ்நிலை காரணமாக இவ்வருடப் பரீட்சைக்குத் தோற்ற விரும்பவில்லை என்பதையும், அவர் சம்பந்தப்பட்ட எந்தப் படிவத்தையும் பாடசாலையூடாக அனுப்ப வேண்டாம் என்பதையும் தங்களுக்குப் பணிவுடன் அறியத் தருகிறேன். இது எனது சொந்த விருப்பத்தின் பேரில் எழுதப்பட்டது." நாலு மகளுக்கு, நாலு மகனுக்கு. எட்டாவதை எழுதும்போது கை தானாக ஓடியது. ஓரம் பிசகாமல், வரிகளெல்லாம் நேராக.

பரீட்சைக் கடிதத்தில் ஒப்பமிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்ததால், பெற்றோர் பகல் சாப்பாட்டு நேரத்தில் இடுப்பில் கட்டிய சாக்கோடு ஓடி வந்தார்கள். சந்தனமேரியின் தகப்பன் செல்லச்சாமி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். வாசிக்கத் தெரியாது, தன் பெயரை மட்டும் எழுதப் பழகியிருந்தான். கடிதத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான்.

"முத்து முத்தா இருக்குங்க டீச்சர்."

பெயரை மெதுவாக எழுதி முடித்தவன், "எனக்கும் ஒரு கொப்பி குடுங்க சேர். புள்ள விசயம் பாருங்க" என்றான். அதிபர் உற்சாகமாகக் கார்பன் பிரதியில் பள்ளிக்கூடத்து முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

"ஐடி கார்டுக்கும் இதுதானுங்களா?"

"எல்லாத்துக்கும் இதுதான். போயிட்டு வாங்க."

டீச்சர் பேனையை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திரும்பக் கழற்றி மூடினாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

பெயர்கள் மேலே விடுபட்டுப் போனதாகவும் அட்டை பின்னால் வருமென்றும் அதிபர் எட்டு வீட்டாருக்கும் பிறகு சொல்லிவிட்டார். அந்த மார்கழியில் ஒன்பது பேர் எழுதி ஒன்பது பேரும் சித்தியடைந்தார்கள். நூற்றுக்கு நூறு என்று துணியில் எழுதிக் கட்டினார்கள். அதையும் அவள்தான் எழுதினாள். கூட்டம் வைத்து அதிபருக்கு மாலை போட்டார்கள். வந்த அதிகாரிகளுக்குத் தொழிலாளர் லயத்திலிருந்து சேவல் பிடித்துச் சமைத்தார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவனின் வீட்டுச் சேவலும் அதில் இருந்ததாகக் கேள்விப்பட்டாள். அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி பரிசு. வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "என்ன வடிவான சாமான்!" என்று கணவர் நக்கலடித்தார். அதைக் குளியலறை மூலையில் வைத்தாள். ஒரு வருடமாகியும் இடமாற்றம் மட்டும் வரவில்லை.

தொண்ணூற்றெட்டு தை மாதம் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. கண்டியில் தமிழ் பேசுகிறவர்கள் வாய் திறக்காமல் பஸ்ஸில் போனார்கள். மாசி மாதம் ஒரு காலை, பள்ளிக்கூடத்து வாசலில் செல்லச்சாமி நின்றான். சட்டையை உள்ளே விட்டு, தலைக்கு எண்ணெய் வைத்திருந்தான்.

"நம்ம புள்ளய புடிச்சிட்டாங்க டீச்சர். கண்டியில ஒரு வீட்டுல புள்ள பாக்க விட்டிருந்தேன். பாண் வாங்கப் போனவள மார்க்கட்டுகிட்ட மறிச்சிருக்காங்க. ஐடி இல்ல. மூணு நாளாச்சு."

"வீட்டுக்காரர் போய்ச் சொல்லேல்லையோ?"

"அவங்க பயப்படுறாங்க. நான் போனேன். நம்மகிட்டதான் கடுதாசி இருக்கே, சீல் வச்சது. பெட்டிக்குள்ள பத்திரமா வச்சிருந்தேன், புள்ளகிட்டகூடக் காட்டல. அதக் குடுத்தேன். ஒரு சார்ஜன்ட் படிச்சாரு. படிச்சுட்டு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. இத எழுதுனவங்கள கூட்டிக்கிட்டு வாங்கன்னாரு." அவன் முகத்தில் நம்பிக்கை இருந்தது. "நீங்க வந்தா விட்டுருவாங்க டீச்சர்."

அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறதென்று அவனுக்கு இன்னும் தெரியாது. மகளை மீட்க, அவளுக்கு எந்தப் படிவமும் வேண்டாம் என்று தானே எழுதியதுபோலத் தன் ஒப்பத்தோடு இருக்கும் கடிதத்தைப் பொலிஸ்காரனிடம் நீட்டியிருக்கிறான்.

லீவு கேட்கப் போனபோது அதிபருக்கு விஷயம் தெரிந்திருந்தது. மேசை லாச்சியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். அவளுடைய இடமாற்றச் சிபாரிசு. ஒப்பமிட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

"இன்னிக்கு அனுப்பலாம்னு இருந்தேன். நீங்க போறதுன்னா போங்க, நான் தடுக்கல. ஒண்ணு மட்டும் சொல்றேன். நான் எழுதச் சொன்னதா எங்கயும் இல்ல. ஒங்க எழுத்துதான் இருக்கு."

"ஓம் சேர். எனக்குத் தெரியும்."

"இது நம்ம பள்ளிக்கூடத்துப் பேருங்க."

அவள் இடாப்பைத் தானே எடுத்து, சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒப்பம் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் செல்லச்சாமி அவளுக்கு ஜன்னல் பக்கம் இடம் விட்டான். "அங்க போயும் அவ ஒங்கள பத்தித்தான் பேசுவாளாம். ஏதோ எக்ஸுன்னு சொல்லி அந்த வீட்டுப் புள்ளைகளுக்குப் பாடம் எடுப்பாளாம்" என்று சிரித்தான். இப்போதே சொல்லிவிடலாம் என்று கம்பளை வரும்வரை நினைத்தாள். பேராதனை வரும்வரையும் நினைத்தாள். ஒரு மனிதனுக்குப் பக்கத்தில் இவ்வளவு நேரம் உட்கார்ந்து, அவனுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லாமலிருக்கத் தன்னால் முடிகிறதே என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

பொலிஸ் நிலையத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் சார்ஜன்ட் அஸீம், அக்குறணைக்காரர். கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டதை அவர் தமிழில் சொன்னார். செல்லச்சாமியை வெளியே வாங்குப் பலகையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"இது உங்கட எழுத்தா டீச்சர்?"

"ஓம்."

"ஷோக்கான எழுத்து. மத்ரஸாவுல இப்பிடி எழுதினா எங்களுக்கு அடி குறைஞ்சி ஈக்கும்." அவர் சிரிக்கவில்லை. "புள்ளய தெரியுமா?"

"என்னட்டைப் படிச்ச பிள்ளை. ஆறு வருசமாத் தெரியும். ஒரு குற்றமும் செய்யாத பிள்ளை. நான் பொறுப்பு நிக்கிறன். எழுதித் தாறன்."

இவ்வளவோடு முடிந்துவிடும் என்று அவள் நம்பினாள். உண்மையிலேயே நம்பினாள். பொறுப்பதிகாரி கடிதத்தை விரலால் தட்டிக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"சேர் கேக்கிறாரு," என்றார் அஸீம், "நீங்க சொல்றது சரி. ஆனா இந்த நாளையில எந்த வாப்பா தன் புள்ளைக்கு ஐடி வேணாமுண்டு எழுதிக் குடுப்பான்? புள்ளய இயக்கத்துக்கு அனுப்ப ஈக்கிறவன்தான் அப்பிடி எழுதுவான். அதால தகப்பனையும் உள்ளுக்கு எடுக்கச் சொல்றாரு. பின்னேரம் கொழும்புக்கு அனுப்புற வாகனத்துல ரெண்டு பேரையும் ஏத்தலாமாம்."

கதவின் இடுக்கால் வாங்கு தெரிந்தது. செல்லச்சாமி முழங்கால் இரண்டையும் சேர்த்துவைத்து, கோவிலில் இருப்பவனைப்போல இருந்தான்.

"அந்த ஆள் எழுதேல்ல" என்றாள் அவள்.

"ஒப்பம் ஈக்குதே."

"அதுக்குள்ள என்ன இருக்கெண்டு அவருக்குத் தெரியாது. வாசிக்கத் தெரியாது. ஒருத்தரும் வாசிச்சுக் காட்டேல்ல. நானும் காட்டேல்ல. ஐடிக்கும் இதுதானோ எண்டு கேட்டவர். ஓம் எண்டு சொன்னது அதிபர். நான் பக்கத்தில இருந்தனான்."

"ஏன் டீச்சர் இப்பிடி ஒரு வேல?"

"சித்தி வீதத்துக்கு."

அஸீம் அதை மொழிபெயர்க்கச் சிரமப்பட்டார். பொறுப்பதிகாரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் அவளைப் பார்த்த பார்வை சோதனைச் சாவடியில் யாரும் பார்க்காத பார்வை. அவருக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்திருக்கலாம். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. அஸீம் வரி வரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். "மற்ற ஏழு பேற்ற பேரையும் போடுங்கோ" என்றாள் அவள். அதன் பிறகு ஒப்பமிட்டாள்.

மூன்று மணிக்கு சந்தனமேரியை வெளியே விட்டார்கள். கால் ஒன்றில் செருப்பில்லை. "ஐயோ டீச்சர், நீங்களா வந்தீங்க!" என்றவள், அழாமல், தகப்பனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்லச்சாமி அவளை விலக்கிவிட்டுத் திரும்பவும் உள்ளே போனான். கொஞ்சநேரத்தில் வாடிய முகத்தோடு வந்தான். "கடுதாசியத் தரமாட்டேங்கிறாங்க. இவளுக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதான். நீங்க கேட்டா குடுப்பாங்க டீச்சர். சீல் வச்சதுங்களே."

தெருவோரத்தில், பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போக, அவள் அந்தக் கடிதத்தை அவனுக்குச் சொன்னாள். எட்டுத் தடவை எழுதியது. ஒரு சொல் பிசகாமல் மனப்பாடமாயிருந்தது. "பணிவுடன் அறியத் தருகிறேன்" என்பதையும் விடவில்லை.

செல்லச்சாமி கேட்டுக்கொண்டு நின்றான். "நான் வேணாம்னு சொன்னதாவா?" என்றான். பிறகு, "எம் பேரு எந்த எடத்துல வருது?"

"கடைசியில."

அவன் தலையாட்டினான். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று அவளுக்குப் பட்டது. சந்தனமேரிதான் கேட்டாள்: "எனக்கு வராதுன்னு நீங்களும் நெனச்சீங்களா டீச்சர்?"

"ஓம்" என்றாள். அதற்கு மேலும் பொய் சொல்லத் தெம்பில்லை.

விசாரணை நடந்தது. கடிதங்களை எழுதியது ஆசிரியை என்பதும், அதை அவரே ஒப்புக்கொண்டார் என்பதும் உறுதியாயின. இடமாற்றச் சிபாரிசு திருப்பி எடுக்கப்பட்டது. சம்பள உயர்வு ஒரு வருடம் நிறுத்தப்பட்டது. அதிபருக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்ததாகவும், அதை அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பதாகவும் சொன்னார்கள். ஆடி மாதம் படிவங்கள் வந்தபோது, புதிதாக வந்த ஞானேஸ்வரி டீச்சர் ஆசிரியர் அறையில் கார்பன் தாளைத் தேடிக்கொண்டிருந்தாள். "ஒங்க அளவுக்கு என் எழுத்து நல்லாயிருக்காதுங்க அக்கா" என்று வெட்கப்பட்டாள். அவளிடம் பத்மாதேவி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவள், "எனக்கு மாத்தளைக்கு மாத்தம் வேணும் அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கிழமையே பத்மாதேவி அடையாள அட்டைப் படிவத்தையும், வெளியாள் பரீட்சார்த்தியாக எழுதுவதற்கான படிவத்தையும் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனாள். எட்டுப் பேரில் மூன்று பேர் கொழும்புக்குப் போய்விட்டார்கள். ஒருவனை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மீதி நாலு பேருக்குமான படிவங்களை நிரப்பியிருந்தாள். செல்லச்சாமி தேநீர் கொடுத்து உபசரித்தான். படிவங்களை அவள் வாசித்துக் காட்டினாள்.

"இன்னொருக்கா படிங்க டீச்சர்."

வாசித்தாள்.

அவன் பேனையைத் தொடவில்லை. படிவங்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "செத்த இருங்க" என்று செருப்பை மாட்டினான். அவளும் பின்னால் போனாள். தோட்டத்துப் பாதை முடக்கில் ஜவாஹிர் நானாவின் கடை. செல்லச்சாமி படிவத்தை அவரிடம் நீட்டி, "இதுல என்னா எழுதியிருக்கு நானா?" என்றான். ஜவாஹிர் டீச்சரைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார்.

"டீச்சர் எழுதினதுதானே! இத போய் எங்கிட்ட..."

"நீங்க படிங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். சந்தனமேரியின் பெயர், பிறந்த திகதி, விலாசம் என்று ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். பத்மாதேவி கடைக்கு வெளியே, தூறலில் நின்றாள். உள்ளே வந்து நில்லுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"வேற ஒண்ணும் எழுதலையே?" என்று செல்லச்சாமி கேட்டான். கேட்டது ஜவாஹிரிடம்.

"இல்ல."

அவன் கடை மேசையில் படிவத்தை விரித்து, தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினான்.